எனாமல் சுருங்குகிறதா? கோபால்ட்டைக் கூட்டாதீர்கள்

கேள்வி: சிறிய அளவில் எனாமல் பெயிண்ட் தயாரிக்கிறேன். மேலே காய்ந்துவிடுகிறது, அடியில் பிசுபிசுப்பு போகவில்லை, கனமாக அடித்த இடத்தில் சுருக்கம் விழுகிறது. டிரையரை (சீக்கிரம் காயச் சேர்க்கும் உலோகக் கரைசல்) கூட்டியும் பயனில்லை. கோபால்ட் டிரையரை நாமே தயாரித்துக்கொள்ளலாமா?

தயாரிக்கலாம், ஆனால் உங்கள் தொல்லை அதனால் தீராது. கூட்டக் கூட்டத்தான் சுருக்கம் விழும். எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக் கெட்டியாவதைக் கோபால்ட் வேகப்படுத்துகிறது, அளவு மிஞ்சினால் மேலே மட்டும் தோல் சட்டென மூடிக்கொள்ளும், அப்புறம் அடியில் ஆக்சிஜன் எங்கிருந்து போகும்? அடிவரை காய முன்பெல்லாம் ஈயம் போட்டார்கள். வீட்டு, அலங்கார பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததோடு அது போயிற்று. இப்போது அந்த இடத்தில் சிர்கோனியம், துணைக்குக் கால்சியம்.

கணக்கை உலோகத்தில் போடுங்கள், டிரையர் திரவத்தின் எடையில் அல்ல. 70% திடப்பொருள் உள்ள லாங் ஆயில் அல்கைட் (எண்ணெய் மிகுந்த பெயிண்ட் பிசின்) 100 கிலோ என்றால் திடப்பொருள் 70 கிலோ. அதற்கு 0.05% கோபால்ட் என்றால் 35 கிராம் உலோகம், அதாவது 6% கோபால்ட் உள்ள டிரையரில் ஏறக்குறைய 585 கிராம் போதும். சிர்கோனியம் 0.2%, கால்சியம் 0.1% என்று தொடங்கி, தகட்டில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

சரி, செய்முறை. 10 கிலோ 6% கோபால்ட் ஆக்டோயேட்டுக்கு (இதுதான் அந்த டிரையர்) கோபால்ட் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறு உள்ளது) சுமார் 2.86 கிலோ, 2-எத்தில்ஹெக்ஸானோயிக் அமிலம் 2.94 கிலோ, காஸ்டிக் சோடா 0.81 கிலோ, மீதிக்கு மினரல் டர்பென்டைன். முதலில் காஸ்டிக் கரைசலில் அமிலத்தை விட்டு சோப்பாக்கி, டர்பென்டைன் சேர்த்துக் கலக்கிக்கொண்டே இளஞ்சிவப்பான சல்பேட் கரைசலை மெதுவாக விட வேண்டும். கோபால்ட் மேலேறி டர்பென்டைன் அடுக்கு கருநீல ஊதாவாகும், கீழே நிற்கும் தண்ணீரின் சிவப்பு வெளுத்தால் வேலை முடிந்தது. காஸ்டிக் மிஞ்சினால் கோபால்ட் ஹைட்ராக்சைடாகி நடுவில் கசடு கட்டும், பிரிக்கவே முடியாமல் படுத்தும். பிறகு தண்ணீரை வடித்து, வெந்நீரில் கழுவி (சல்பேட் போய்விட்டதா என்று பார்க்க, கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெண்மையாகக் கலங்குவது நிற்கும் வரைக்கும்), எஞ்சிய ஈரத்தைச் சூட்டில் ஓட்ட வேண்டும். அந்தச் சூட்டில் டர்பென்டைன் ஆவி தீப்பிடிக்கும், திறந்த அடுப்பு கூடவே கூடாது, நீராவி ஜாக்கெட் உள்ள மூடிய கலன் வேண்டும். கோபால்ட் தூள் நுரையீரலுக்குக் கேடு, கழுவிய நீரைச் சாக்கடையில் விடவும் முடியாது. மாதம் சில கேன்தான் தேவை என்றால் பேசாமல் வாங்குங்கள்.

இன்னொன்று. கறுப்பு எனாமல் மட்டும் வைக்க வைக்கக் காயும் வேகம் குறைந்தால் டிரையரைத் திட்டாதீர்கள், கறுப்பு நிறமியான கார்பன் பிளாக் கோபால்ட்டை உறிஞ்சிக்கொள்கிறது. நிறமியை அரைக்கும்போதே கால்சியத்தைச் சேர்த்தால் உறிஞ்சும் இடங்களை அது பிடித்துக்கொள்ளும்.