நாய், பூனை, கோழி இருக்கும் வீட்டில் எறும்பு: கேள்வி பதில்

செல்லூரிலிருந்து: அக்கா, பூனைக்கு மீன் சோறு வைத்த கொஞ்ச நேரத்தில் எறும்பு மொய்த்துவிடுகிறது. தட்டைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் போடலாமா?

வேண்டாம் தம்பி. அந்த சாக்பீஸில் இருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்து. அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு ரொம்பக் குறைவு. கோட்டை மிதித்துவிட்டு உட்கார்ந்து பாதத்தை நக்கும்; விஷம் வாய்க்குப் போய்விடும். அகலமான தட்டில் விரற்கடை தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வையுங்கள். கிண்ணம் விளிம்பைத் தொடக்கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

திருநகரிலிருந்து: ஏற்கெனவே கோட்டில் புரண்டுவிட்டால்?

எச்சில் ஒழுகினாலோ உடம்பு வெடவெடத்தாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சாக்பீஸ் அட்டையையும் எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

அண்ணா நகரிலிருந்து: ஐப்பசி மழை தொடங்கியதும் சமையலறைச் சுவரெல்லாம் எறும்பு. கேரம் பவுடரில் சர்க்கரை கலந்து வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் நாய் இருக்கிறது.

கேரம் பவுடர் என்று விற்பது பெரும்பாலும் போரிக் பவுடர்தான். நன்றாகவே வேலை செய்யும். ஒரு டம்ளர் வெந்நீரில் எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் பவுடர் போதும். கூடப் போட்டால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்கு ஊட்டப் போகாது. பஞ்சை நனைத்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். நாய்க்கு எட்டினால் டப்பாவோடு கடித்துவிடும். முதலில் எறும்பு இன்னும் அதிகமாக வரும், பயப்படாதீர்கள். அந்த நாட்களில் வரிசையைத் துடைக்கவே கூடாது. அதன் தடத்தைப் பிடித்துத்தான் மற்றவை இரைக்கு வருகின்றன. வரத்து நின்றபின் சோப்புத் தண்ணீரால் தடத்தைத் துடைத்து, சுவர் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள்.

அலங்காநல்லூர் பக்கமிருந்து: அடைக்கோழிக் கூடையில் செவ்வெறும்பு ஏறுகிறது.

குஞ்சு ஓட்டைக் கீறித் தலை நீட்டும் நேரம்தான் ஆபத்து. அந்த ஈரத்துக்குத்தான் எறும்பு வரும். கூடையை ஸ்டூல் மேல் ஏற்றி, நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தரையில் விறகடுப்புச் சாம்பலைத் தூவலாம், ஈரம் பட்டால் பலிக்காது. உடைந்த முட்டையை உடனே எடுத்துவிடுங்கள். கூடைக்குள் எந்தப் பவுடரும் வேண்டாம்.

மேலூரிலிருந்து: கற்பூரம், அந்துருண்டை?

இரண்டும் கூடாதும்மா. அந்துருண்டை ஒன்றை விழுங்கினாலே பூனைக்கும் நாய்க்குட்டிக்கும் உயிராபத்து. சாமி அலமாரிக் கற்பூரத்தையும் மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்.