ஸ்காலஸ்டிக் எழுத்து விருது: நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

மகள் அமெரிக்காவில் ஒன்பதாவது படிக்கிறாள், ஸ்காலஸ்டிக் விருதுக்குக் கதை அனுப்பப் போகிறாள், நடுவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பள்ளி மாணவர்களுக்காக 1923-இல் தொடங்கிய விருது இது. அமெரிக்க எழுத்தாளர்களான சில்வியா பிளாத், ட்ரூமன் கபோட்டி போன்றவர்கள் பள்ளி வயதில் வென்றது இதைத்தான். 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை கலந்துகொள்ளலாம். முதலில் வட்டார அளவில் தேர்வு. அங்கே உயர்ந்த பரிசான தங்கச் சாவி (Gold Key) கிடைத்தால் தேசியச் சுற்று. எழுதியவர் பெயர் நடுவருக்குத் தெரியாது. அளவுகோல் மூன்று: புதுமை, எழுத்துத் திறன், எழுதுபவரின் சொந்தக் குரல்.

திறனைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். குரல்தான் சிக்கல். ‘என் பாட்டி மிகவும் அன்பானவர்’ என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். ‘பாட்டி மிக்ஸியை நிறுத்தி, கையைத் துடைத்து, போனை எடுப்பதற்குள் மணி நின்றுவிடும்’ என்றால் அந்த வீட்டில் இருந்தவள்தான் எழுத முடியும். கட்டுக்கட்டாகப் படிக்கும் நடுவர் நிமிர்ந்து உட்காருவது இந்த மாதிரி வரியில்தான். பெரிய சோகம், போர், மரணம் எல்லாம் கட்டாயமில்லை.

அப்புறம், நீங்கள் உட்கார்ந்து திருத்தாதீர்கள். பதினான்கு வயதுப் பெண்ணின் கதையில் நாற்பது வயது வாக்கியம் வந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்துப்பிழை பார்த்தால் போதும்.