மகள் செய்வது படிப்பா, வேலையா?

கேள்வி: காரைக்குடியில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு 33 வயது. பெங்களூரில் பிஎச்.டி. முடித்தாள். இப்போது ஜெர்மனியில் போஸ்ட்டாக் என்று மூன்றாவது வருஷம் ஓடுகிறது. பழ ஈயின் பரிணாம மரபணு ஆராய்ச்சி என்கிறாள். சொந்தத்தில் யாராவது கேட்டால் 'ஈயைப் பற்றிப் படிக்கிறாள்' என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒப்பந்தம் அடுத்த வருஷத்தோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்று அவளுக்கே தெரியாதாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டால்கூட 'லேபில் இருக்கேன் அப்பச்சி' என்கிறாள். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள ஒரு வருஷமும் வரவில்லை, அவள் ஆத்தாளுக்கு அது பெரிய குறை. பக்கத்தில் ஒரு கல்லூரித் தாளாளர் எனக்குப் பழக்கம். வந்தால் வேலை தருகிறேன் என்கிறார். 'வந்துவிடு' என்று சொன்னால் போனை வைத்துவிடுகிறாள். எப்போதுதான் நிரந்தரமாவாள்? அழுத்திக் கூப்பிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி

பதில்:

அன்புள்ள ஐயா,

அழுத்திக் கூப்பிடாதீர்கள். 'எப்போது நிரந்தரமாவாய்' என்று அவளிடம் கேட்பதையும் நிறுத்திவிடுங்கள். இப்போது இருக்கும் பதவியில் அவள் நிரந்தரமாக மாட்டாள், அந்தப் பதவியில் யாருமே ஆவதில்லை. போஸ்ட்டாக் என்பதே தவணை வைத்த வேலை. ஜெர்மனியில் பிஎச்.டி.க்குப் பிறகு ஒருவரை இப்படி ஒப்பந்தத்திலேயே வைத்திருக்கப் பொதுவாக 6 ஆண்டுதான் என்று சட்டமே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அவளால் பதில் சொல்ல முடியாத ஒன்றை அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போனை வைத்துவிடுவது கோபத்தினால் மட்டும் என்று நினைக்காதீர்கள்.

இந்த ஏற்பாடு உங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. உங்கள் ஐயா காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருஷக் கணக்குக்குப் போனவர்கள் எத்தனை பேர்! பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர்கள் உண்டு. அடுத்தாளாக இருந்தவனைப் பார்த்து 'அந்தக் கடையில் எப்போது நிரந்தரம்' என்று யாரும் கேட்கவில்லை. தொழில் பிடிபட்டதா, ஆள் பழக்கம் ஆனதா, கணக்கு முடிந்து வரும்போது கையில் என்ன இருக்கும் என்றுதான் கேட்டார்கள். உங்கள் மகள் இப்போது அடுத்தாள். பிஎச்.டி.யில் வழிகாட்டியின் கீழ் வேலை கற்றுக்கொண்டாள். இப்போது இன்னொருவர் லேபில், அவர் பணத்தில், தன் பெயரில் ஆராய்ச்சி நடத்திக் காட்ட வேண்டும். அதற்கடுத்த படி சொந்த லேப். அந்தப் படிக்கு ஏறுகிறவர்கள் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இனி ஈ. நான் ஈ லேபில் இருந்தவள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை.

மாம்பழத்தை அறுத்தால் உள்ளே நெளியும் புழுவுக்குத் தாயான ஈ வேறு. உங்கள் மகளுடையது, வாழைப்பழம் கனிந்துபோனால் வளவில் தட்டைச் சுற்றிப் பறக்கும் சின்ன ஈ. நீளம் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. டிரோசோஃபிலா என்பார்கள். 25 டிகிரி சூட்டில் முட்டையிலிருந்து பத்தே நாளில் முழு ஈயாகிவிடும். மனிதரில் ஒரு தலைமுறை வளர்வதற்குள் இதில் நூற்றுக்கணக்கான தலைமுறை பார்த்துவிடலாம். குரோமோசோம் நாலே ஜோடி. தாமஸ் ஹண்ட் மோர்கன் என்ற விஞ்ஞானி 1910-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவில் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈயைக் கண்டார். மரபணுக்கள் குரோமோசோமில்தான் இருக்கின்றன என்று நிறுவ அதுவே வழிகாட்டியது. 1933-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கரு எப்படி உருவாகிறது என்பதற்கு 1995-இல், உடலுக்குள் ஓடும் நாள்கடிகாரத்துக்கு 2017-இல் என்று இதே ஈ மேலும் பரிசுகளை வாங்கித் தந்திருக்கிறது. மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் சுமார் முக்கால் பங்குக்கு இந்த ஈயிடம் இணை உண்டு.

அவள் ஏன் ஞாயிற்றுக்கிழமையும் லேபில் இருக்கிறாள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்ன ஆணையும் இன்ன பெண்ணையும் சேர்த்தால்தான் சோதனை செல்லும். பெண் ஈ கூட்டிலிருந்து வெளிவந்து ஏறக்குறைய 8 மணி நேரத்துக்குள் பிரித்து எடுத்துவிட வேண்டும். விட்டால் அங்கிருக்கும் ஏதாவது ஓர் ஆணோடு சேர்ந்துவிடும், பிறகு அது பயன்படாது. மாலையில் வளர்ந்த ஈக்களையெல்லாம் வெளியேற்றி, குப்பிகளை 18 டிகிரி அறையில் வைத்துவிட்டுப் போவார்கள். குளிரில் ஈ மெதுவாகத்தான் முதிரும். காலையில் வந்ததும் புதிதாக வந்தவற்றைக் கார்பன் டை ஆக்சைடு தட்டில் மயக்கி, நுண்ணோக்கியின் கீழ் ஓவியம் தீட்டும் தூரிகையால் ஒவ்வொன்றாக ஒதுக்குவார்கள். உடல் வெளிறி, வயிற்றில் ஒரு கரும்பொட்டுத் தெரிந்தால் அது சற்று முன் பிறந்த ஈ. உங்களுக்கு மதியச் சாப்பாடு முடியும் நேரம் அங்கே காலை. அப்போது அவள் இந்தத் தூரிகையோடுதான் உட்கார்ந்திருப்பாள்.

நோன்புக்கு வராததற்கும் பாதிக் காரணம் இதுதான். ஈ வம்சங்களை உறைய வைத்துச் சேமிக்கும் வழக்கம் இல்லை. சில வாரத்துக்கு ஒருமுறை புது உணவுக் குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மோர்கனின் வெள்ளைக் கண் ஈயின் வாரிசுகள் இன்றுவரை உயிரோடு இருப்பது இப்படித்தான். என்றாலும் ஒரு வாரத்துக்குப் பக்கத்து மேசைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வர முடியும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அடுத்த நோன்புத் தேதியை நாலு மாதம் முன்பே சொல்லி, டிக்கெட்டும் எடுத்துக் கொடுங்கள். சோதனையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வாள். ஆச்சியின் குறை தீர அதுதான் வழி.

ஈயை எடுத்த பிறகு என்ன செய்வாள்? டிஎன்ஏவைப் பிரித்து, எழுத்து எழுத்தாகப் படிக்க அனுப்புவாள். வருவது கோடிக்கணக்கான துண்டுகள். அவற்றைக் கணினியில் கோத்து, ஓர் ஊர் ஈயையும் இன்னோர் ஊர் ஈயையும், ஓர் இனத்தையும் அதன் பங்காளி இனத்தையும் ஒப்பிட்டு, எந்த இடத்தில் எதற்காக மாறியது என்று தேடுவது அவள் வேலை. ஈயோடு செலவாகும் நேரத்தைவிடக் கணினியோடு செலவாகும் நேரம் அதிகம். 1983-இல் ஒரே ஒரு மரபணுவின் 11 பிரதிகளைப் படித்து ஒப்பிட்டதே பெரிய சாதனையாக இருந்தது. 2000-இல் இந்த ஈயின் மொத்த டிஎன்ஏவில், அதாவது மரபுத்தொகுதியில், பெரும்பகுதி வெளிவந்தது. 2007-இல் 12 இனங்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்டார்கள். இன்று ஒரு போஸ்ட்டாக் நூற்றுக்கணக்கான மரபுத்தொகுதிகளைத் தனியாகக் கையாள்கிறார்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று உறவுக்காரர் கேட்டால் ஒன்றைச் சொல்லுங்கள். டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தெளித்தும் சாகாத பழ ஈக்களில், மருந்தைச் சிதைக்கும் ஒரு மரபணுவின் அருகே இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அது உட்கார்ந்ததால் அந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறது. 2002-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். கொசுவுக்கு மருந்து ஏன் பலிக்காமல் போகிறது என்று தேடுகிறவர்களும் இதே வகை மரபணுக்களைத்தான் பார்க்கிறார்கள். இன்னொன்று, எனக்குப் பிடித்தது: சேஷெல்ஸ் தீவுகளில் ஓர் ஈ இனம் நோனிப் பழத்தில் மட்டுமே குடித்தனம் நடத்துகிறது. மற்ற பழ ஈக்கள் பெரும்பாலும் அந்தப் பழத்தின் அமிலத்தில் செத்துப்போகும். இது மட்டும் அந்த வாசனையைத் தேடிப் போய் முட்டையிடும். நோனி, உங்கள் பக்கத்துத் தரிசுகளில் வளரும் மஞ்சணத்திக்கு நெருங்கிய உறவு. ஓர் உயிர் தன் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளும்போது மூக்கிலும் நாக்கிலும் எந்தெந்த மரபணு மாறுகிறது என்று ஒரு கூட்டமே இதை வைத்து ஆராய்கிறது. நேரடிப் பலன் தெரியாத ஆராய்ச்சியும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் மின்வேதியியல் ஆய்வகத்துக்குக் காரைக்குடியில் அடிக்கல் நாட்ட வைத்தாரே, அந்த ஊர்க்காரருக்கு நான் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சரி, கேட்கவேண்டியது என்ன? கணக்கு முடிந்து வரும்போது அவள் கையில் என்ன இருக்கும் என்பதுதான்.

முதலாவதாக, முதல் ஆசிரியராக அவள் பெயர் போட்ட கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். எழுதிக்கொண்டிருக்கிறாளா, பத்திரிகைக்குப் போய்விட்டதா, திருத்தத்துக்குத் திரும்பியிருக்கிறதா? இந்தத் துறையில் அனுப்பியது அச்சாக ஒரு வருஷம்கூட ஆகும். ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் இருக்கையில் ஒன்றும் அனுப்பப்படவில்லை என்றால், புதுச் சோதனையை நிறுத்திவிட்டு எழுத உட்கார வேண்டிய நேரம் அது.

அதைவிட முக்கியம், இந்த ஆராய்ச்சியில் எந்தப் பகுதியை அவள் தன்னோடு எடுத்துக்கொண்டு போகலாம் என்பது. லேப் அதன் தலைவருடையது, பணம் அவருடையது. கேள்வியும் அவருடையதாகவே இருந்துவிட்டால் மகள் வெறுங்கையோடு வெளியே வருவாள். சொந்த லேபுக்கு நேர்காணல் செய்பவர்கள் முதலில் கேட்பதே 'உன் வழிகாட்டியிடமிருந்து நீ எங்கே வேறுபடுகிறாய்' என்றுதான். நல்ல தலைவர்கள் 'இந்த இனம் உனக்கு, இந்தத் தரவு உனக்கு' என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்கக் கூச்சப்படும் நம் பிள்ளைகள் பலர் கடைசி மாதம்வரை வாயே திறப்பதில்லை. இப்போதே உட்கார்ந்து பேசி, பேசியதை மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஈக்களையும் கொண்டுவரப்போகிறாள் என்றால், உயிருள்ள பூச்சியை இந்தியாவுக்குள் கொண்டுவர முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். வியாபாரத்தில் பங்கு பிரிக்கத் தெரிந்தவர் நீங்கள், இந்தப் பேச்சில் உங்கள் யோசனை அவளுக்கு உண்மையாகவே உதவும்.

பணத்தைப் பற்றியும் நேராகக் கேளுங்கள். வாங்குவது சம்பளமா, ஸ்டைபெண்ட் என்கிற உதவித்தொகையா? சம்பள ஒப்பந்தம் என்றால் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உண்டு. ஸ்டைபெண்ட் என்றால் பெரும்பாலும் அவை இல்லை, அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்துக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே ஆறு மாதம் ஓட்டக் கையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், அந்த ஆறு மாதத்துக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். 'வந்துவிடு' என்பதைவிட அந்த வார்த்தை அவளுக்குப் பெரிது.

இந்தியா திரும்ப வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை தரும் ராமலிங்கசுவாமி மறுவருகை ஃபெல்லோஷிப், வெளிநாட்டில் இருக்கும் நம் ஆய்வாளர்கள் திரும்பி வருவதற்கென்றே 5 ஆண்டுக்குத் தருவது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் இன்ஸ்பயர் ஃபேகல்டி ஃபெல்லோஷிப்பும் 5 ஆண்டு. இவற்றுக்கு வயது வரம்பு உண்டு, அதனால் 33 வயதில் விண்ணப்பத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஈ ஆராய்ச்சி வேரூன்றிய இடங்களும் இங்கே உண்டு: பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையம் (என்.சி.பி.எஸ்.), ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், ஹைதராபாத்தில் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.), மைசூர்ப் பல்கலைக்கழகம், காசி இந்துப் பல்கலைக்கழகம். ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஒருநாள் முடிவெடுத்தாலும், கணினியில் மரபுத்தொகுதியை அலசத் தெரிந்தவருக்கு மருந்து, விதை, மரபணுப் பரிசோதனை நிறுவனங்களில் இடம் கிடைக்கும். எத்தனை வயதுவரை சொந்த லேபுக்கு முயல்வது என்று அவளே ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. அதை நீங்கள் வைக்கக் கூடாது.

வரன் பேச யாராவது வந்தால் அவர்களிடம், 'மரபணு விஞ்ஞானி, ஜெர்மனியில் ஒப்பந்தத்தில் வேலை, அடுத்த இடம் எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை' என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கடைசிப் பகுதியை மறைத்துப் பேசி முடித்தால் பின்னால் அவளுக்குத்தான் சங்கடம். அதைக் கேட்டு ஒதுங்குகிற வீடு ஒதுங்கட்டும்.

கல்லூரி வேலைக்கு வருகிறேன். கல்லூரியில் பாடம் நடத்துவது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் அப்பச்சியின் பழக்கத்துக்காகத் தரப்படும் வேலையாக அது அவளிடம் போனால், அவள் படித்ததெல்லாம் வீண் என்று நீங்கள் சொல்வதாகவே அவள் காதில் விழும். தாளாளரிடம் மூன்று விஷயம் விசாரியுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, சோதனைக்கு என்று ஓர் அறையும் தடையில்லாத மின்சாரமும் தருவார்களா, வெளியிலிருந்து ஆய்வுப் பணத்துக்கு அவள் விண்ணப்பித்தால் கையெழுத்துப் போடுவார்களா. கிடைக்கும் பதிலை அப்படியே அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அதற்குக் கீழே 'வா' என்றும் எழுத வேண்டாம், 'வராதே' என்றும் எழுத வேண்டாம்.