‘கிராசிங் ஓவர்’ படத்தில் ஏன் இத்தனை கதைகள்? யார்தான் நாயகன்?

நாயகன் என்று யாரும் இல்லை. குடியேற்றத் துறை அதிகாரியாக வரும் ஹாரிசன் ஃபோர்டு கூட கூட்டத்தில் ஒருவர்தான். 2009இல் வந்த இந்தப் படத்தை எழுதி இயக்கிய வேய்ன் கிரேமரே தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போனவர்.

படத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒரே விஷயம்: அங்கேயே தங்கும் உரிமை. ஆனால் ஆளுக்கொரு விலை. அதைக் காட்டத்தான் இத்தனை கதைகள். ஆஸ்திரேலிய நடிகை, கிரீன் கார்டுக்காக ஓர் அதிகாரியின் ஆசைக்கு இணங்குகிறாள். கடவுள் நம்பிக்கையே இல்லாத யூத இசைக்கலைஞன், மதப் பணியாளன் என்று சொல்லி விண்ணப்பிக்கிறான்.

என்னை உலுக்கியது வங்கதேசச் சிறுமி தஸ்லிமாவின் கதை. செப்டம்பர் 11 தாக்குதல்காரர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்கிறாள். அவ்வளவுதான், எஃப்பிஐ வீட்டுக்கே வந்துவிடுகிறது. தம்பியும் தங்கையும் அமெரிக்காவில் பிறந்தவர்கள், அதனால் குடிமக்கள். இவள் அப்படி இல்லை. கடைசியில் அம்மாவோடு இவள் விமானம் ஏற, அப்பா சின்னப் பிள்ளைகளோடு அங்கேயே நின்றுவிடுகிறார்.

சரி, குறை? கதைகளை முடிச்சுப் போட்ட விதம். தற்செயல்கள் கொஞ்சம் அதிகம். கடைக் கொள்ளைக் காட்சி எனக்கு ஒட்டவே இல்லை.