ஐரோப்பிய எல்லைத் திட்டக் காசு திருகோணமலைக்கு வருமா?

கேள்வி: திருகோணமலையில் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உள்ள பிரதேசங்கள் சேர்ந்து வேலை செய்ய ஐரோப்பிய ஒன்றியம் நிதி கொடுக்கிறதாம். நாகப்பட்டினத்தில் ஒரு மீனவர் அமைப்பைப் பங்காளியாகச் சேர்த்தால் எங்களுக்கும் கிடைக்கும் என்கிறார் ஒரு ஆலோசகர். விண்ணப்பம் எழுத முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம்.

அவர் சொல்லும் திட்டம் பொய்யில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லையோரப் பிரதேசங்களை அயல் நாடுகளோடு இணைக்கும் திட்டங்கள் பல வருடங்களாக நடக்கின்றன. 2021–2027 காலத்துக்கு அவற்றின் பெயர் இன்டர்ரெக் நெக்ஸ்ட். ருமேனியாவும் மால்டோவாவும் ஒரு சோடி, இத்தாலியும் துனீசியாவும் இன்னொன்று. உங்களுக்கு விளங்கக்கூடியது இரண்டாவதுதான், ஏனென்றால் அங்கேயும் நடுவில் கடல். இத்தாலியின் சிசிலி மாகாண அரசே அதை நிர்வகிக்கிறது. இரு கரைகளிலும் எந்தெந்தப் பிரதேசங்கள் சேரலாம் என்று திட்ட ஆவணத்திலேயே பெயர் குறித்திருப்பார்கள். அமைப்புகள் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டும். அதில் ஒன்று தலைமைப் பங்காளியாகி, கணக்கு வழக்கு முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும். இதற்கு முந்தைய 2014–2020 சுற்றில் செலவில் குறைந்தது 10 சதவீதம் உள்ளூரிலிருந்து போட வேண்டியிருந்தது. முழுக்க இனாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

உங்கள் விண்ணப்பம் அடிபடும் இடம் இதுதான்: இத்தகைய கூட்டில் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடொன்றின் அமைப்பு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. திருகோணமலையும் நாகப்பட்டினமும் எவ்வளவு நல்ல யோசனையோடு போனாலும் இரண்டுமே உறுப்பு நாட்டில் இல்லை. ரீயூனியன் தீவு பிரான்சுக்குச் சொந்தமானது என்பதால் இந்து சமுத்திரத்துக்கும் ஓர் இன்டர்ரெக் திட்டம் இருக்கிறது. ஆலோசகர் அதைக் காட்டி மழுப்பலாம். அங்கேயும் ரீயூனியன் பக்கத்துப் பங்காளி இல்லாமல் காரியம் ஆகாது.

இன்னொரு விஷயமும் உண்டு. அயல் நாட்டு அரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே அந்தப் பக்கத்துக்குக் காசு போகும். அரசுகளின் உறவு முறிந்தால் அதுவும் நிற்கும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா, பெலாரஸ் பக்கத்து வேலைகள் அப்படித்தான் இடைநிறுத்தப்பட்டன. பாக்கு நீரிணையில் இதுபோன்ற கூட்டு நிதி ஏற்பாடு கிடையாது. கிழக்கு மாகாண சபை சிசிலியைப் போலத் தானே இறங்கவும் முடியாது. இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி வெளிநாட்டு விவகாரம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. மீன்பிடி பற்றிப் பேச 2016இல் இலங்கையும் இந்தியாவும் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைத்தன, ஆனால் அது அரசுகள் பேசும் மேசை, சங்கங்கள் விண்ணப்பிக்கும் இடமில்லை. 2025 ஏப்ரலில் கிழக்கு மாகாணத்துக்கென்று இந்தியா ஒப்புக்கொண்ட பல்துறை மானியமும் அரசு வழியாக வருவதுதான். அதில் உங்கள் இறங்குதுறையோ ஐஸ் தொழிற்சாலையோ இடம்பெற வேண்டுமென்றால் மாவட்டச் செயலகத்துக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் எழுத்தில் கொடுத்து வையுங்கள். அதற்கு ஆலோசகர் தேவையில்லை, நல்ல கையெழுத்து போதும்.

சரி, ஐரோப்பியக் காசுக்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது. கொழும்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத் தூதரகம் இலங்கைக்கென்று அவ்வப்போது விண்ணப்பம் கோரும். அறிவித்தல் இணையத்தில் வரும், விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. பல தடவை முதலில் கேட்பது சில பக்கக் கருத்துக் குறிப்பு மட்டுமே, அதில் தெரிவானவர்கள்தான் முழு விண்ணப்பம் எழுத வேண்டும். சிறிய சங்கமென்றால் தனியாகப் போவதைவிட, ஏற்கெனவே இப்படிப்பட்ட நிதியைக் கையாண்ட அமைப்போடு இணை விண்ணப்பதாரராகச் சேருங்கள். கடந்த சில வருடக் கணக்காய்வு அறிக்கையைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் இப்போதே செய்து வையுங்கள்.

நாகப்பட்டினத் தொடர்பைக் கைவிட வேண்டாம். காசு இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எஞ்சின் பழுதாகி அலையில் அடிபட்டுப் போன படகைப் பற்றி யார் யாருக்குத் தகவல் கொடுப்பது, கடல் எல்லை தாண்டிப் பிடிபட்டவர்களின் வீட்டுக்கு எப்படிச் செய்தி போவது என்பதை இரு சங்கங்களும் பேசி வைக்கலாம். சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்ட அரசிடை அமைப்பில் இலங்கையும் இந்தியாவும் உறுப்பினர்கள். சிறு மீனவர்களின் கடல் பாதுகாப்பு அதன் வேலைகளில் ஒன்று, பயிற்சி பற்றித் திணைக்களம் மூலமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

காசு கைமாறும் திட்டம் என்றால் மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை. இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு நிதியை வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் காசு புது டில்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் கிளைக் கணக்கு ஒன்றுக்குத்தான் முதலில் வர வேண்டும், வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. ஆகவே நாகப்பட்டினத்தாரிடம் அந்தப் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பங்காளி என்று அவர்கள் பெயர் இருக்கட்டும், வரவுசெலவுப் பட்டியலில் அவர்களுக்கென்று தொகை போடாதீர்கள்.