இரவு நெடுஞ்சாலைக்குப் பைனாகுலரும் நைட் விஷனும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் வேலூரில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். சரக்கு எடுப்பதற்காக மாதத்தில் சில இரவுகள் மைத்துனருடன் காரில் பெங்களூரு சென்று வருகிறேன். அமெரிக்காவில் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அதிவேகமாகக் காரோட்டிச் சாதனை படைத்தவர்கள் பைனாகுலரும், வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமராவும் வைத்திருந்ததாகப் படித்தேன். இணையத்தில் ‘பகலிலும் இரவிலும் தெரியும்’ என்ற விளம்பரத்துடன் பைனாகுலரும், டாஷ்போர்டில் பொருத்தும் நைட் விஷன் கேமராவும் விற்பனைக்கு இருக்கின்றன. மைத்துனர் முன் இருக்கையில் அமர்ந்து பார்த்துச் சொன்னால், நான் 100, 120 கிலோமீட்டர் வேகத்தில் அச்சமின்றிப் போக முடியுமா? எதை வாங்கலாம்?
— வாசகர், சத்துவாச்சாரி

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணங்களை விரிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் தாங்கள் படித்த செய்தி பொய்யானதன்று. 2006-இல் அலெக்ஸ் ராய் என்பவர் துணை ஓட்டுநருடன் நியூயார்க்கிலிருந்து சாண்டா மோனிகாவுக்கு 31 மணி 4 நிமிடத்தில் சென்றார். 2019-இல் வேறு சிலர் அதே போன்ற பயணத்தை 27 மணி 25 நிமிடத்தில் முடித்தனர். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் விலையுயர்ந்த பைனாகுலர்களும், காருக்கு வெளியே பொருத்திய தெர்மல் கேமராக்களும் அவர்களிடம் இருந்தது உண்மைதான். ஆனால் அவற்றை அவர்கள் வைத்திருந்ததன் முக்கிய நோக்கம், வெகுதொலைவில் நிற்கும் போலீஸ் வாகனத்தை முன்கூட்டியே கண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்வதாகும். அங்கும் அது சட்டமீறல்தான். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் ஆள் நடமாட்டமின்றிப் பல கிலோமீட்டர் நேராக ஓடும் சாலையில், இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிவதால் அவர்களுக்குப் பயன் இருந்தது.

பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் செல்லும் நம் நெடுஞ்சாலையில் ஆபத்து இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதில்லை. சாலைத் தடுப்பின் இடைவெளியில் திடீரெனத் திரும்பும் இருசக்கர வாகனம், எதிர்த்திசையில் ஓரமாக வரும் மிதிவண்டி, பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரி, அரவைக் காலத்தில் அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டர் ஆகியவை எல்லாம் கடைசி நூறு மீட்டருக்குள் கண்ணில் படுபவை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால் அதற்குள் 42 மீட்டர் போய்விடும். நல்ல டயரும் காய்ந்த சாலையுமாக இருந்தாலும் கார் நிற்க மேலும் 55 மீட்டர் தேவைப்படும். 120 கிலோமீட்டர் வேகத்தில் இந்த மொத்தத் தொலைவு 130 மீட்டரை நெருங்குகிறது. டிம் வெளிச்சத்தில் கறுப்பு உடையணிந்த ஒருவர் தெரிவதோ ஏறத்தாழ 40 முதல் 60 மீட்டருக்குள்தான். அந்த வெளிச்சத்துக்குப் பொருத்தமான வேகம் சுமார் 60 கிலோமீட்டர் என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது.

இனிப் பைனாகுலரைப் பார்ப்போம். 10×50 என்பதில் முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாவது எண் முன்லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி காரின் அதிர்வையும் பத்து மடங்கு பெரிதாக்கும். பார்வைப் பரப்போ ஆறேழு பாகைக்குச் சுருங்கிவிடும். ஓரத்திலிருந்து குறுக்கே வருபவர் அந்த வட்டத்துக்குள் வருவதேயில்லை. மைத்துனர் கண்டு, அடையாளம் தெரிந்து, வாயால் சொல்லி, அது தங்கள் காதில் விழுந்து பொருள் புரிவதற்குள் கார் அறுபது எழுபது மீட்டர் கடந்திருக்கும். சாய்வான முகப்புக் கண்ணாடியின் ஊடாகப் பார்ப்பதால் பிம்பமும் தெளிவாக இராது. ஓட்டுபவரே அதைக் கண்ணில் வைப்பது பற்றி நான் எதுவும் எழுத வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

நைட் விஷன் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. இராணுவப் படங்களில் பச்சை நிறத்தில் தெரிவது, கிடைக்கும் சிறு வெளிச்சத்தைப் பன்மடங்காக்கும் குழாய்க் கருவி. எதிரே ஒரு லாரியின் ஹெட்லைட் வந்தால் அதில் படம் வெளிறிப்போகும். தாங்கள் பார்த்த டாஷ்போர்டு வகை பெரும்பாலும் அகச்சிவப்பு எல்.இ.டி. பொருத்திய சாதாரண கேமராவாகவே இருக்கும். கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் அதன் ஒளி கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிப் படத்தைக் கெடுக்கும். திரையில் படம் பத்தில் ஒரு நொடி தாமதமாக வந்தாலே 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் மூன்று மீட்டர் முன்னே போயிருக்கும் என்பதோடு, பளிச்சென்ற திரை இருட்டுக்குப் பழகிய கண்ணையும் கூசச் செய்யும்.

மூன்றாவது வகையான தெர்மல் கேமராதான் உண்மையில் பயன் தரக்கூடியது. 2000-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் டிவில் காரில் அது முதன்முதலாக வந்தது, பின்னர் பி.எம்.டபிள்யூ. போன்ற நிறுவனங்களும் விலை உயர்ந்த கார்களில் பொருத்தின. உடலிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது என்பதால் கேமராவைக் காருக்கு வெளியே, முன் கிரில்லில்தான் வைத்தாக வேண்டும். எனவே ‘கண்ணாடிக்கு உள்ளே ஒட்டும் தெர்மல் கேமரா’ என்று யாரேனும் விற்றால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம். நல்ல கருவிக்கும் நம் ஊரில் ஒரு குறைபாடு உண்டு. அது வெப்ப வேறுபாட்டைத்தான் படமாக்குகிறது. கத்திரி வெயில் காலத்தில் பகலெல்லாம் காய்ந்த தார்ச்சாலையும், சுற்றியுள்ள பாறைக் குன்றுகளும் இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை உமிழ்கின்றன. மனிதத் தோலின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவில் இருப்பதால் ஆள் தனித்துத் தெரிவது குறைந்துவிடும். மாலையிலிருந்து எஞ்சின் அணைந்து நிற்கும் லாரி அதிகாலையில் சுற்றுப்புறத்தின் வெப்பத்துக்கே வந்துவிடுகிறது. நம்மை அதிகம் அச்சுறுத்துவது அந்த லாரிதான் அல்லவா?

அந்தப் பணத்தை வேறிடத்தில் செலவிடலாம். முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தில் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து படியும் மெல்லிய படலம்தான் எதிர்விளக்கின் ஒளியைச் சிதறடிக்கிறது. அதைத் துடைக்க ஆகும் செலவு மிகச் சிறிது. கீறல் விழச்செய்யும் பழைய வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். மஞ்சளித்த ஹெட்லைட் மூடியைப் பாலிஷ் செய்து, விளக்கின் உயரத்தைப் பட்டறையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹாலஜனுக்கென்று வடிவமைத்த விளக்கில் வெளியில் வாங்கிய எல்.இ.டி. பல்பைப் போட்டால் ஒளி ஒழுங்கின்றிச் சிதறி எதிரே வருபவரைக் குருடாக்கும்; அளவுக்கு மீறிய திறனுள்ள 100/90 வாட் பல்பு வயரிங்கையும் ஹோல்டரையும் உருக்கக்கூடும். எதிரில் வாகனம் இல்லாதபோது பிரைட் போடத் தயங்காதீர்கள். வேலூரிலிருந்து பெங்களூருவுக்கு ஏறக்குறைய 210 கிலோமீட்டர். சராசரியாக 100-க்குப் பதில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் கூடுவது அரைமணி நேரம்தான். சுங்கச்சாவடியிலும் ஓசூர் நெரிசலிலும் அதைவிட அதிகம் போய்விடும்.

கேள்வி: இரவில் ஓட்டும்போது மஞ்சள் கண்ணாடி அணிந்தால் எதிர்விளக்கு கூசாது என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், ஆரணி

பதில்: வேண்டாம். மஞ்சள் லென்ஸ் கண்ணுக்கு வரும் ஒளியைக் குறைக்கிறது. இருட்டில் குறைக்க வேண்டியது எதுவும் இல்லை. 2019-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்விலும், இத்தகைய கண்ணாடி அணிந்தவர்கள் சாலையில் செல்பவரைக் கண்டறிவதில் எந்த முன்னேற்றமும் காணப்படவில்லை. கூச்சம் புதிதாக வந்திருந்தால், குறிப்பாக வயது நாற்பதைத் தாண்டியிருந்தால், அது கண்புரையின் தொடக்கமாகவோ பவர் மாற்றமாகவோ இருக்கலாம். வேலூர் ஷெல் கண் மருத்துவமனையிலோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ காட்டிவிட்டு, எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுடைய நிறமற்ற லென்ஸை மருத்துவர் எழுதித் தந்தால் அதை வாங்குங்கள்.

கேள்வி: இணையத்தில் 3,500 ரூபாய்க்கு ‘நைட் விஷன் பைனாகுலர்’ வாங்கினேன். இரவில் வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிட மங்கலாகவே தெரிகிறது. விற்பவர் திரும்பப் பெற மறுக்கிறார். என்ன செய்வது?
— வாசகர், குடியாத்தம்

பதில்: லென்ஸ் சிவப்பாகப் பளபளத்தால் அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும் பூச்சு, இரவில் அதனால் கேடே மிகுதி. ஒரு ஸ்கேலை எடுத்து முன்லென்ஸை அளந்து பாருங்கள். பெட்டியில் 50 என்று போட்டு லென்ஸ் 35 மில்லிமீட்டர் இருந்தால் அதுவே தங்களுக்குச் சான்று. அளவு தெரியும்படி புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பக்கத்தையும், ரசீதையும், பெட்டியில் இறக்குமதியாளர் முகவரியும் தயாரித்த நாட்டின் பெயரும் அச்சிட்ட பகுதியையும் சேமித்து வையுங்கள்.

விளம்பரத்தில் கூறிய தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் கூறுகின்றன. ஆகவே முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பலனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் பணம் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் தாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.