‘அருமையாக இருந்தது’ என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்

கேள்வி: நான் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகி, ஒரு செமஸ்டரை பிரான்சில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துவிட்டுத் திரும்பி மூன்று மாதங்கள் ஆகின்றன. புறப்படுவதற்கு முன் நடந்த கூட்டத்தில் ஒரு வரைபடத்தைக் காட்டி, முதல் மாதம் திருவிழா போல இருக்கும், அதன் பிறகுதான் சோர்வு வரும் என்றார்கள். எனக்கோ முதல் மாதம்தான் தாங்க முடியாததாக இருந்தது. வகுப்பில் சொல்ல நினைத்ததை மனதுக்குள் வாக்கியமாக அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். விடுதியின் பொதுச் சமையலறையில் ஆள் நடமாட்டம் கேட்டால், அவர்கள் போகட்டும் என்று அறையிலேயே உட்கார்ந்திருப்பேன். கடைசி ஐந்தாறு வாரங்கள் உண்மையிலேயே பிடித்திருந்தன. அதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிட்டது. நெருங்கிய நட்பு என்று எதுவும் அமையவில்லை. மதிப்பெண்களும் 20க்கு 12, 13 என்றுதான் வந்தன. ஆனாலும் கேட்கிறவர்களிடமெல்லாம் ‘அருமையாக இருந்தது’ என்றே சொல்லி வருகிறேன். இப்போது, அடுத்து செல்லவிருக்கும் மாணவர்களிடம் என் அனுபவத்தைப் பேசும்படி துறையில் கேட்கிறார்கள். கிடைத்த வாய்ப்பை வீணடித்துவிட்டு வந்தவள் அவர்களிடம் என்ன பேசுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

மதிப்பெண்ணிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் தெளிவாகத் தவறு என்று சொல்லக்கூடியது அந்த ஒரு வரிதான். பிரான்சில் 20க்கு 10 எடுத்தால் தேர்ச்சி. 12 முதல் 14க்குள் வரும் சராசரிக்கு ‘ஓரளவு நன்று’ என்றும், 14 முதல் 16க்குள் ‘நன்று’ என்றும், 16ஐத் தாண்டினால் ‘மிக நன்று’ என்றும் தரம் எழுதுவார்கள். அங்கே 17, 18 எடுப்பவர் அபூர்வம். 20 வாங்கிய விடைத்தாளைப் பார்த்தவர்களும் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். தனக்குப் பழக்கமில்லாத மொழியில், பழக்கமில்லாத தேர்வு முறையில் 13 எடுத்த நீங்கள், அதை ஐந்தால் பெருக்கி 65 சதவீதம் என்று கண்டு மனம் சோர்ந்திருக்கிறீர்கள். ஜெர்மனியில் 1.0தான் மிக உயர்ந்த மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி. இத்தாலியில் 30க்கு 18 எடுத்தால் தேர்ச்சி. பெருக்கல் கணக்கில் இந்த மூன்றையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது. ஆகவேதான் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள், ஒவ்வொரு மதிப்பெண்ணையும் தேறியவர்களில் எத்தனை சதவீதம் பேர் பெற்றார்கள் என்று காட்டும் பரவல் அட்டவணையை வைத்து ஒப்பிடும்படி அறிவுறுத்தப்படுகின்றன. உங்கள் துறை நேரடியாகப் பெருக்கித்தான் பதிவு செய்திருக்கிறது என்றால், அந்த அட்டவணையை அங்கிருந்து கேட்டு வாங்கி, விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கூடவே கிரெடிட்டுகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட் கணக்கான ஈ.சி.டி.எஸ். முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. வெளியே படித்த படிப்பை உள்ளே ஏற்க மறுப்பது பழைய நோய். சோஃபியா கொர்ராதி என்ற இத்தாலிய மாணவி அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு 1958இல் திரும்பி வந்தபோது, ரோமில் இருந்த அவருடைய பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை ஏற்க மறுத்தது. அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. இப்படிப்பட்ட படிப்பு செல்லுபடியாக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அலைந்து வாதாடினார். 1987இல் ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் 11 நாடுகளுக்கிடையே 3,244 மாணவர்களுடன் தொடங்கியதற்குப் பின்னால் அவருடைய பிடிவாதமும் இருந்தது. ஆகவே நீங்களும், போகும் முன் இரு பல்கலைக்கழகங்களும் ஒப்புக்கொண்ட பாடங்களின் பட்டியலில் எல்லாக் கையெழுத்துகளும் உள்ளனவா, அங்கிருந்து வந்த மதிப்பெண் சான்றிதழ் உங்கள் பதிவில் ஏறிவிட்டதா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

இனி அந்த வரைபடம். முதலில் குதூகலம், பிறகு சரிவு, பிறகு மெல்ல மீட்சி என்று சொல்லும் அந்த வளைவுக்கு வேர் இரண்டு இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் தங்கிப் படித்துத் திரும்பிய நார்வேக்காரர்களைப் பற்றி ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் எழுதிய கட்டுரை ஒன்று. பண்பாட்டு அதிர்ச்சியின் படிநிலைகளைப் பற்றி மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் எழுதியது மற்றொன்று. வரைவதற்கு எளிதாகவும் பார்ப்பதற்கு அழகாகவும் இருப்பதால் அது அறிமுகக் கூட்டங்களில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஆனால் 1998இல் வெளியான ஆய்வு ஒன்று, நியூசிலாந்துக்குப் படிக்கச் சென்ற ஜப்பானிய மாணவர்களை அவர்கள் போய் இறங்கிய முதல் 24 மணி நேரத்திலிருந்தே பின்தொடர்ந்து கேட்டபோது, இறங்கிய நேரத்தில்தான் சிரமம் உச்சத்தில் இருந்தது, பிறகு குறைந்துகொண்டே வந்தது என்று கண்டது. உங்களுக்கு நடந்ததும் அதேதான். திருவிழாவாக இருக்க வேண்டிய மாதத்தில் நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று நீங்கள் கலங்கியதில் பாதி, யாரோ திரையில் காட்டிய ஒரு கோட்டினால் வந்தது என்றே நினைக்கிறேன்.

வாக்கியம் தயாராவதற்குள் பேச்சு நகர்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் சற்று நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன். நானும் மாணவியாக ஒரு செமஸ்டரை வேறொரு நாட்டில் கழித்தவள். நகைச்சுவை வந்தால் மற்றவர்கள் சிரித்து அரை விநாடி கழித்துச் சிரிப்பேன், அதுவும் அவர்கள் சிரித்ததைப் பார்த்து. இதை மொழி தெரியாமை என்று சொல்லிவிட முடியாது. பிறர் பேசுவதைத் தொடர்வது, தன் வாக்கியத்தைக் கட்டுவது, நுழைவதற்கு இடைவெளி பார்ப்பது என்று மூன்று வேலைகளை மூளை ஒரே நேரத்தில் செய்கிறது. சொந்த மொழியில் முதலும் மூன்றும் தாமாக நடந்துவிடுகின்றன, அங்கே எதுவும் தாமாக நடப்பதில்லை. ஆகவே இடைவெளிக்காகக் காத்திருப்பவர் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான். எனக்குக் கைகொடுத்த வழி மிகச் சாதாரணமானது. பெரிய அரங்கில் நடக்கும் விரிவுரையில் வாயே திறக்க மாட்டேன். முப்பது நாற்பது பேர் மட்டும் இருக்கும் பயிற்சி வகுப்புக்கு ஒரு கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துப் போய், விவாதம் சூடு பிடிப்பதற்கு முன், முதல் பத்து நிமிடங்களுக்குள் அதைப் படித்தே கேட்டுவிடுவேன். படித்துக் கேட்டதற்காக யாரும் என்னை ஏளனமாகப் பார்த்ததில்லை. நான்காவது வாரம் தாளை மறந்துவிட்டுப் போனேன், அன்றும் கேட்டேன்.

சமையலறை விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். காலடிச் சத்தம் கேட்டு அறையில் உட்கார்ந்திருந்தது உங்கள் தவறுதான், அதே தவறைச் செய்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். எங்கள் மாடியில் எல்லோரும் சமைத்து முடித்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல்தான் நான் போவேன். ஒரு நாள் அடுப்பு எரியவே இல்லை. எல்லாப் பொத்தான்களையும் தட்டிப் பார்த்தேன். ஒரு சிறு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து அறை மாணவன் ஒன்றும் பேசாமல், பூட்டுப் படம் போட்டிருந்த பொத்தானின் மேல் விரலை வைத்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தான். ‘பீப்’ என்ற சத்தத்தோடு அடுப்பு உயிர்பெற்றது. குழந்தைகள் தொடாமல் இருப்பதற்கான பூட்டாம். அடுத்த வாரம் புதிதாக வந்த ஒரு மாணவி அதே அடுப்பின் முன் அதே முகத்துடன் நிற்க, நான் போய் விரலை வைத்து அழுத்தினேன். அவளுடன் அன்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் போகாமல் ஏழு மணிக்கே போயிருந்தால் அந்தப் பொத்தானை முதல் வாரத்திலேயே கற்றிருப்பேன்.

நெருங்கிய நட்பு அமையவில்லை என்பதைப் பொறுத்தவரை, எதை நட்பு என்று எண்ணினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. வெளிநாட்டு மாணவர்களின் நட்பைப் பற்றி 1977இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்கள் மனம் விட்டுப் பேசுவது தம் நாட்டவரிடம், படிப்பிலும் படிவம் நிரப்புவதிலும் உதவி கேட்பது அந்த ஊர்க்காரரிடம், பொழுதைக் கழிப்பது பிற நாடுகளிலிருந்து வந்தவர்களிடம் என்று மூன்று வட்டங்களைப் பிரித்துக் காட்டியது. அந்த ஊர் மாணவர்களுக்கு முதலாம் ஆண்டிலிருந்தே சேர்ந்து வந்த கூட்டம் இருக்கிறது. ஜனவரியில் போய்விடப் போகிறவருக்காக அவர்கள் அதைத் திறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். குறிப்பேட்டைக் கொடுத்து உதவியவர் ஒருவர் இருந்திருப்பார், விசாவை இணையத்தில் உறுதிசெய்ய உங்களோடு உட்கார்ந்தவர் ஒருவர் இருந்திருப்பார். அவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, கடைசி ஐந்தாறு வாரங்கள் பிடித்திருந்தன என்பது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 1923இல் 8 மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பியபோது அது ஓராண்டுப் படிப்பாக இருந்தது. இன்று பெரும்பாலானோருக்குக் கிடைப்பது அதில் பாதிதான், அதிலும் வகுப்பு நடக்கும் வாரங்கள் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் இருப்பதில்லை. பாதி வாரங்கள் பழகுவதற்கே போய்விடும். பழகிய கையோடு விமானச் சீட்டில் அச்சிட்ட தேதி வந்துவிடும். நீங்கள் எதையும் வீணடிக்கவில்லை. செமஸ்டர் என்ற அளவு அந்த இடத்தில் போய் முடிகிறது, அவ்வளவுதான். இரண்டு செமஸ்டர் தங்க வாய்ப்பும் வசதியும் உள்ளவர்கள் இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதைக் கூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள்.

வேறு என்ன பேசலாம் என்றால், புகைப்படங்களை விட்டுவிட்டு வாரங்களைப் பற்றிப் பேசுங்கள். எந்த வாரத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தீர்கள், எந்த வாரத்தில் நாட்களை எண்ணுவதை நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். பட்டியலில் எழுதிக் கொடுத்த பாடங்களில் ஒன்றிரண்டு போய்ச் சேர்ந்த பிறகு நேரம் மோதி மாறக்கூடும், மாறினால் அன்றே இரு பக்கமும் மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும் என்று சொல்லுங்கள். நீண்டகால மாணவர் விசாவில் பிரான்சுக்குப் போகிறவர்கள் வந்திறங்கிய மூன்று மாதங்களுக்குள் அதை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்பதையும், ஒரு பாடத்தில் தேறாவிட்டால் அதற்கான மறுதேர்வு நடக்கும் நாளில் தாங்கள் வேறு கண்டத்தில் இருக்கக்கூடும் என்பதையும் போகும் முன்பே அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். சமையலறைக் கதையையும் மறைக்காதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் நாலைந்து பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள்.

உறவினரும் நண்பரும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்பதற்கு இத்தனையையும் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது இரண்டு வரி. ‘முதல் இரண்டு மாதம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, கிளம்பும்போது கிளம்ப மனம் வரவில்லை’ என்பதும் இரண்டு வரிதான், அதில் பொய்யும் இல்லை. திரும்பி வந்த பிறகும் ஒரு சரிவு உண்டு என்று 1963இலேயே எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதமாக நீங்கள் சொல்லிவரும் ‘அருமை’ அந்தச் சரிவை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு யாராவது ஒருவர், கேள்வி எதுவும் கேட்காமல், வாசலருகே தயங்கி நிற்கக்கூடும். அவரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அக்டோபரில் ஏதோ ஒரு நாள், நேரம் கெட்ட நேரத்தில், அழைப்பு வரும்.